ஹெரால்டா, டால்ஃபினா? அபூர்வ கார் வாங்க நினைப்பவருக்கு ஒரு பதில்

கேள்வி இது: பெங்களூரில் வேலை, வயது 34. தாத்தா மதுரையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தார், அந்த நினைவு விடவில்லை. இப்போது கோவையில் 1969ஆம் வருட நான்கு கதவு ஹெரால்டு ஒன்றும், இங்கேயே யலஹங்காவில் ஒரு சிப்பானி டால்ஃபினும் விலைக்கு வருகின்றன. இரண்டில் எதை வாங்கலாம், தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியுமா?

தாராளமாக வாங்குங்கள். ஆனால் காரைப் பார்க்கப் போவதற்கு முன்னால், அதில் கை வைக்கத் தெரிந்த ஒரு ஆளைத் தேடிப் பிடியுங்கள். என்னிடம் 19 வருடமாக ஒரு ஹெரால்டு இருக்கிறது, அதற்கு முன் நான்கு வருடம் டால்ஃபின் வைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் கார் கிடைக்காமல் தவித்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. கார் கிடைத்து, மெக்கானிக் கிடைக்காமல் அதைத் தார்ப்பாய்க்கு அடியில் வைத்துப் பூட்டியவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். பழைய கார் வேறு, அபூர்வ கார் வேறு. அம்பாசடர் பழசு, ஆனால் 2014 வரைக்கும் செய்தார்கள். ஜே.சி. ரோட்டில் கேட்டால் இன்றைக்கும் சாமான் எடுத்துக் கொடுப்பார்கள். பத்மினியும் அப்படித்தான். பெஜோ 309 என்று ஒன்று 1994இல் வந்து சில வருடங்களிலேயே நின்றுபோனது. வயதில் பத்மினிக்குத் தம்பிதான், வைத்திருப்பதற்குப் பல மடங்கு கஷ்டம். செய்த கம்பெனியே போய்விட்ட காரை நான் அநாதைக் கார் என்றுதான் சொல்வேன். நீங்கள் பார்க்கும் இரண்டும் அந்த வகை. வண்டலூரில் ஹெரால்டு செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் இன்று இல்லை. பெங்களூரிலேயே டால்ஃபின் செய்த சன்ரைஸ் ஆட்டோவும், அதாவது சிப்பானியும், இல்லை.

அநாதை என்றாலும் அதற்குப் பங்காளிகள் உண்டு. இந்த வித்தையைக் கற்றுக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். நம் ஊரில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை வேறு எங்கோ பிறந்தவை. ஹெரால்டு இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டு. அதே குடும்பத்தில் பிறந்த ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை அங்கே ஆயிரக்கணக்கானோர் இன்னும் வைத்திருக்கிறார்கள். அதனால் முன்பக்க சஸ்பென்ஷன் சாமான், எஞ்சின் பேரிங், பேக்கிங் எல்லாம் அங்கே இப்போதும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். டால்ஃபின் என்பது ரிலையன்ட் கிட்டன். அதில் இருக்கும் 848 சிசி அலுமினிய எஞ்சின்தான் அங்கே மூன்று சக்கர ராபினிலும் ஓடியது. ஆகவே எஞ்சினுக்கு இன்றும் நாதி உண்டு. பெஜோ 309 டீசலுக்கு இன்னும் பக்கத்திலேயே பங்காளி இருக்கிறது: அதே 1527 சிசி எஞ்சினைத்தான் மாருதி ஜென் டீசலிலும் எஸ்டீம் டீசலிலும் போட்டார்கள். கான்டெஸ்ஸாவின் 1.8 இசுசு எஞ்சின் அம்பாசடர் 1800இலும் உண்டு.

ஆனால் பங்காளி எல்லாவற்றுக்கும் வரமாட்டான். கோவையில் இருக்கும் உங்கள் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டும் செய்தது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். ஆகவே பின்கதவு, அதன் கண்ணாடி, கண்ணாடியைச் சுற்றி வரும் பீடிங், இவை உலகத்தில் வேறு எங்கும் கிடைக்காது. எஞ்சின் சீஸ் ஆகி, அதாவது உள்ளே இறுகிப் பிடித்துக்கொண்டு கிடந்தால்கூடப் பரவாயில்லை, சரி செய்துவிடலாம். பின்கதவுக் கண்ணாடி ஒன்று குறைந்தாலும் விலை பேசாதீர்கள், எழுந்து வந்துவிடுங்கள். எந்த அபூர்வ காருக்கும் இதுதான் கணக்கு. எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் லேத்தில் செய்துகொள்ளலாம், கடல் தாண்டி வரவழைக்கலாம். கண்ணாடி, விளக்கு, கைப்பிடி, கிரில், மீட்டர், ரப்பர் இருக்கிறதா என்பதுதான் காரின் உண்மையான விலை. நான் டால்ஃபினை விற்றதே கண்ணாடியால்தான். ஓசூர் ரோட்டில் முன்னால் போன டிப்பரிலிருந்து தெறித்த கல் முன்கண்ணாடியில் விழுந்தது. ஒன்பது மாதம் தேடினேன். கடைசியில் கண்ணாடியோடு கழித்துப் போட்டிருந்த இன்னொரு டால்ஃபின் வைத்திருந்தவர் என் காரையே கேட்டார், கொடுத்துவிட்டேன். இரண்டு காரும் சேர்ந்து ஒரு கார் ஓடட்டும் என்று.

இனி ஆளைப் பற்றிச் சொல்கிறேன். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு என் காரில் நடந்தது ஒன்று.

ஹெரால்டில் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்தான இரும்புத் துண்டின் அடிப்பக்கம் மரை போட்டிருக்கும். அது ஒரு பித்தளைக் கட்டைக்குள் திருகியிருக்கும். அந்தக் கட்டைக்கு டிரனியன் என்று பெயர். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் உள்ளே திரும்புகிறது. அதற்கு விட வேண்டியது ஈ.பி. 90 கியர் ஆயில். கிரீஸ் கூடாது. கிரீஸ் கெட்டியாகி நின்றுவிடும், மரையின் இடுக்குக்குள் போகாது. தண்ணீர் மட்டும் போய்விடும். இது தெரியாத ஒரு ஒர்க்‌ஷாப்பில், வண்டியைத் தூக்கி எல்லா இடத்திலும் கிரீஸ் அடித்த பையன் அங்கேயும் அடித்துவிட்டான். பையன் மேல் தப்பில்லை. அவன் பார்த்த எல்லாக் காருக்கும் அதுதான் முறை.

இரண்டு வருடம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு மழைக்காலத்தில் அல்சூர் ஏரி ஓரம் திரும்பும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம். இடது முன்சக்கரம் வெளிப்பக்கம் சாய்ந்து மட்கார்டுக்கு அடியில் படுத்துவிட்டது. வேகம் பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது, அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டியை டெம்போவில் ஏற்றி சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த ஒரு பாயிடம் கொண்டுபோனேன். ஹெரால்டு புதிதாக ரோட்டுக்கு வந்துகொண்டிருந்த நாளில் வேலை பழகியவர். உடைந்த துண்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து வெயிலில் காட்டினார். உடைந்த முகத்தில் முக்கால்வாசி செங்கல் நிறத் துரு. ஓரத்தில் நகக்கண் அளவுக்கு மட்டும் வெள்ளி மாதிரிப் பளபளப்பு. “பாருங்க தம்பி, இது இன்னிக்கு உடையல. ரெண்டு வருசமா உடைஞ்சிட்டே இருந்திருக்கு. இந்த வெள்ளை மட்டும்தான் இன்னிக்கு உடைஞ்சது” என்றார்.

அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை நானே அடியில் படுத்து, மேலே கசியும் வரை ஆயில் ஏற்றுகிறேன். அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிக்கொண்டேன். எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பேனர், வால்வு இடைவெளி எவ்வளவு, பாயிண்ட் இடைவெளி எவ்வளவு, எந்த ஆயில் சீலுக்கு எந்த டிராக்டரின் சீல் பொருந்தும், எல்லாம் அதில் இருக்கிறது. அவர் தவறிவிட்டார். அவருடைய மகன் நல்ல மெக்கானிக், ஆனால் லேப்டாப் செருகிப் பார்க்கும் கார்கள்தான் அவருக்குப் பழக்கம். இப்போது என் காரில் வேலை என்றால் நான் அந்த நோட்டை எடுத்துப் போய்ப் படித்துக் காட்டுகிறேன், அவர் செய்கிறார்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியவர்கள் நான்கு பேர். எஞ்சின் பார்க்கும் மெக்கானிக், டிங்கர் வேலை தெரிந்தவர், லேத் வைத்திருப்பவர், பழைய வயரிங் புரிந்த எலக்ட்ரீஷியன். கடைசி ஆளைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழைய இங்கிலீஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவைத்தான் பாடியில் எர்த் செய்திருப்பார்கள். இன்றைய வழக்கப்படி நெகட்டிவை எர்த் செய்து பேட்டரியை மாட்டினால் டைனமோவோடு சேர்த்து எல்லாம் போச்சு. சிவாஜிநகர் குஜரி (பழைய சாமான் சந்தை) பக்கம், கலாசிப்பாளையம், ஜே.சி. ரோடு சந்துகள் என்று இரண்டு சனிக்கிழமை நடந்தாலே பெயர்கள் கிடைத்துவிடும். சென்னை போகும்போது புதுப்பேட்டையிலும் கேளுங்கள். ஹெரால்டு சாமான் அங்கேதான் அதிகம் சுற்றியது. கர்நாடகா வின்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் நடத்தும் ஓட்டங்களுக்குப் போய், ஹெரால்டு வைத்திருப்பவர்களோடு நின்று பேசுங்கள். இந்தக் கூட்டத்தில் யாரும் சாமானை ஒளித்து வைப்பதில்லை. என்னிடம் இரண்டு கார்புரேட்டர் இருந்தால் ஒன்று இன்னொருவருக்குத்தான்.

டால்ஃபினைப் பற்றி. 1982இல் வந்தது, இரண்டு கதவு, ஃபைபர் பாடி. அடுத்த வருடம் டிசம்பரில் மாருதி 800 வந்தது, அதோடு இதன் கதை முடிந்த மாதிரிதான். ஆனால் எடை குறைவு, பின்சக்கர டிரைவ். அந்தக் காலத்தில் ராலிகளில் இது ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் பேசுவார்கள். ஓட்டிப் பார்த்தால் உங்களுக்கும் புரியும். பாடி துருப்பிடிக்காது என்று விற்பவர் சொல்வார், உண்மைதான். ஆனால் அடியில் இருக்கும் சேஸிஸ், அதாவது காரின் அடிச்சட்டம், இரும்பு. மேலே பளபளவென்று இருக்கும் ஃபைபர், கீழே மக்கிப்போன இரும்பை மறைத்துவிடும். கட்டாயம் குழியில் இறங்கி, ஸ்க்ரூ டிரைவர் முனையால் சேஸிஸைக் குத்திப் பாருங்கள். கதவுக் கீல் பக்கமும் போல்ட் போட்ட இடங்களிலும் சிலந்தி வலை மாதிரி விரிசல் இருந்தால் கவலை வேண்டாம், ஃபைபரில் சிலை செய்பவர்களே அதை ஒட்டிவிடுவார்கள். எஞ்சின்தான் கவனம். அலுமினிய பிளாக்கில் லைனர்களைச் சுற்றி நேராகத் தண்ணீர் ஓடும் அமைப்பு. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் உள்ளே அரித்திருக்கும். சில்க் போர்டு சிக்னலில் அரை மணி நேரம் நின்றால் சூடு காட்டும் ஊசி ஏறும், ஒருமுறை கொதித்தால் ஹெட் பேக்கிங் போகும். கூலன்ட் மட்டும்தான் ஊற்ற வேண்டும்.

தினமும் ஓட்ட முடியுமா என்றால், வேண்டாம். காருக்காக மட்டும் சொல்லவில்லை, உங்களுக்காகவும் சொல்கிறேன். இன்றைய காரின் பிரேக் பழகிய கால் உங்களுடையது. முன்னால் போகும் கார் நிற்கும் தூரத்தில் ஹெரால்டு நிற்காது. ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியாக ஊசலாடும் அமைப்பு. வேகமாக வளைவில் நுழைந்துவிட்டுச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு வழுக்கும். வாரம் ஒருமுறை, ஞாயிறு காலை ஆறு மணிக்கு, தேவனஹள்ளிப் பக்கமோ நந்தி மலை அடிவாரம் வரைக்குமோ போய் வாருங்கள். அந்த ஓட்டம் காருக்கும் அவசியம். ஓடாத காரில்தான் பிரேக் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், எலி குடிவந்து வயரைக் கடிக்கும்.

பெட்ரோல் விஷயம் இப்போது முக்கியமாகிவிட்டது. பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் ஓஸ், பெட்ரோல் பம்பின் டயாஃபிரம் இவற்றை ஊறவைத்துப் பிசுபிசுவென்று ஆக்கிவிடும். டேங்கின் உள்ளே துருப்பிடிக்கும். சூடான எஞ்சின் மேல் ஓஸ் வெடித்தால் கார் எரியும், பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வாங்கிய முதல் வாரமே எல்லா ஓஸையும் எத்தனாலைத் தாங்கும் ‘விட்டான்’ (Viton) என்ற ரப்பர் வகைக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் டேங்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள். இன்னொன்று, இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தவை. அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடத்தைத் தேயாமல் காத்தது. நாடு முழுக்க 2000இல் அது நின்றுவிட்டது. ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பம் வந்தால், கெட்டியான வால்வு சீட் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் காகிதம். இதில் அவசரப்பட்டால் கார் உங்களுடையதாக ஆகவே ஆகாது. ஆர்.சி.யில் இருக்கும் எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் காரிலேயே தேய்த்துப் பாருங்கள். நம் ஊரில் எஞ்சினை மாற்றிப் போடுவது சாதாரணமாக நடந்தது. அதை ஆர்.டி.ஓ.வில் பதிந்தவர்கள் குறைவு. பழைய ஆர்.சி. புத்தகமாக இருக்கும். அந்த நம்பர் அரசின் ‘வாகன்’ என்ற வண்டிப் பதிவுக் கணினியில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் ஏற்றிக் கொடுக்கும்படி விற்பவரிடமே சொல்லிவிடுங்கள். ஆர்.சி. இறந்துபோனவர் பெயரில் இருந்தால் முதலில் வாரிசு பெயருக்கு மாறட்டும், அதற்குப் படிவம் 31. அதன் பிறகு உங்களுக்கு விற்க 29, 30. தமிழ்நாட்டுக் காரைக் கர்நாடகத்தில் வைத்துக்கொள்ள அங்கிருந்து படிவம் 28இல் தடையில்லாச் சான்று வேண்டும், இங்கே வரி கட்டிப் புது நம்பர் வாங்க வேண்டும்.

1969 கார் என்பதால் உங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 50 வருடம் தாண்டிய கார்களுக்கு 2021 ஜூலையில் வின்டேஜ் பதிவு என்று தனி விதி கொண்டுவந்தார்கள். நம்பரில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடத்துக்கு. ஆனால் அந்தக் காரைக் கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் வெளியே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போக அதில் இடமில்லை. கோவைக் காரின் சாதாரண ஆர்.சி. உயிரோடு இருந்தால், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்துக்கொண்டே போவது நல்லது என்பது என் கருத்து. டால்ஃபினுக்கு அந்த வி.ஏ. வழி இன்னும் திறக்கவில்லை. டில்லிப் பக்கம் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு வந்த தடை பெங்களூரில் இல்லை என்பது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. அதனாலேயே டில்லியிலிருந்து மலிவாகக் கார் வருகிறது என்பார்கள். தடையில்லாச் சான்று கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள்.

இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். முழுக் காப்பீடு எடுத்தால், ஐந்து வருடம் தாண்டிய காருக்கும் நின்றுபோன மாடலுக்கும் மதிப்பை நீங்களும் கம்பெனியும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். ரிப்பேர் பில்களையும் போட்டோக்களையும் பத்திரமாக வைத்திருந்தால் அந்தப் பேச்சில் உங்கள் கை ஓங்கும்.

சரி, இரண்டில் எது? ஹெரால்டு. தாத்தா நினைவுக்காக மட்டும் சொல்லவில்லை. பெங்களூரில் வைத்துப் பழக அது நல்ல கார். முன்பக்க பானட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் சாயும். மெக்கானிக் முன்டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். பாடியின் துண்டுகள் சேஸிஸ் மேல் போல்ட் போட்டு நிற்பவை, ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரி செய்யலாம். கோவைக் கார் என்பதும் நல்லதுதான். சென்னையில் கடற்கரைப் பக்கம் கிடந்த ஹெரால்டு சேஸிஸை நான் கையாலேயே உதிர்த்திருக்கிறேன்.

கோவை போகும்போது ஒரு டார்ச், ஒரு சின்னக் காந்தம், படுக்க ஒரு பாய் எடுத்துப் போங்கள். பெயிண்ட் மேல் காந்தத்தை நகர்த்துங்கள், ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். சேஸிஸிலிருந்து இரண்டு பக்கமும் நீளும் கைகளைத்தான் முதலில் பாருங்கள், துரு அங்கேதான் ஆரம்பிக்கும். பின்கதவு இரண்டையும் திறந்து, கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றிப் பாருங்கள். நேரம் இருந்தால் அவினாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் மியூசியம் இருக்கிறது, ஒரு மணி நேரம் அங்கே போய் வாருங்கள். ஒழுங்காக மீட்ட கார் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகும். விலை படிந்துவிட்டால், ஓட்டிக்கொண்டு வரலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். அந்த டிரனியனுக்குள் ஆயில் இருக்கிறதா, கிரீஸ் இருக்கிறதா என்று கழற்றிப் பார்க்கும் வரை யாருக்கும் தெரியாது. லாரியில் ஏற்றி அனுப்பச் சொல்லுங்கள்.